ராயகிரி அத்தையும் மைக்ரோவேவும்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை. மலருக்காக எழுத்தில் தரப்படுகிறது.)



நான் 1991-இல் இங்கே பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்தவள். சொந்த ஊர் ராயகிரி. அன்றைக்கு அது திருநெல்வேலி மாவட்டம். 2019-லிருந்து தென்காசி மாவட்டம், சிவகிரி வட்டம். ஆனால் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இன்றைக்கும் "சங்கரன்கோவில் பக்கம்"தான். ராயகிரியில் பஸ் பிடித்து, மாறி ஏறி, கல்லூரி வந்து சேர்வதற்குள் முதல் மணி அடித்திருக்கும். மூன்று வருஷமும் வாசலில் நின்று அனுமதி கேட்டே வகுப்புக்குள் நுழைந்தேன். "ராயகிரி எக்ஸ்பிரஸ் லேட்டா வருது" என்று கேலி பண்ணின தோழிகள் இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களும் இன்றைக்கு லேட்டாகத்தான் வந்தார்கள் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

மார்பகப் புற்றுநோயைக் கண்டுபிடிக்க மைக்ரோவேவ் அலைகளைப் பயன்படுத்தும் முறை பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டார். "உங்க ஆராய்ச்சியைப் பத்திப் பெருமையாச் சொல்லுங்க, பிள்ளைங்களுக்கு ஒரு உற்சாகமா இருக்கும்" என்றார். பெருமை கொஞ்சம் உண்டுதான். ஆனால் அதில் நான் செய்த ஒரு தப்பும் கலந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் அறிவியல். ஊரில் பானை வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்ப்போம். கீறல் விழுந்த பானை வேறு மாதிரிச் சத்தம் கொடுக்கும். உள்ளே கை விடாமலே உள்ளே இருப்பதைத் தெரிந்துகொள்கிறோம். மைக்ரோவேவ் முறையும் இந்த ஜாதிதான். சத்தத்துக்குப் பதில் ரேடியோ அலை, அவ்வளவுதான் வித்தியாசம். சமையலறையில் இருக்கும் மைக்ரோவேவ் அடுப்பு 2.45 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்குகிறது. மார்பகத்தைப் படம் எடுக்க ஏறத்தாழ 1 முதல் 10 கிகாஹெர்ட்ஸ் வரை பயன்படுத்துகிறார்கள். உடனே யாரும் பயப்பட வேண்டாம். அடுப்பில் நூற்றுக்கணக்கான வாட், இங்கே மில்லிவாட் கணக்கு. கையில் இருக்கும் செல்போன் வெளிவிடுவதைவிடக் குறைவு.

கட்டியை இந்த அலை எப்படிக் காட்டும்? எல்லாம் தண்ணீர் செய்யும் வேலை. மின்காப்பு மாறிலி என்று ஒன்றைப் பிளஸ் டூவில் படித்தோம், ஞாபகம் இருக்கிறதா? தண்ணீருக்கு அது 80-ஐ ஒட்டி வரும். கொழுப்புத் திசுவில் தண்ணீர் குறைவு, அதனால் 5-ஐ ஒட்டி. புற்றுக்கட்டியில் தண்ணீர் அதிகம், அதனால் 50-ஐ ஒட்டி. கொழுப்புக்குள் கட்டி இருந்தால் அலை அந்த இடத்தில் முட்டிச் சிதறும். சுற்றிலும் ஆண்டெனாக்களை வைத்துச் சிதறி வந்த அலையைப் பிடித்துக் கணினியில் கணக்குப் போட்டால், எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிது என்று படம் வர வேண்டும். எக்ஸ்ரே கிடையாது. மார்பை இரண்டு தட்டுக்கு நடுவே அழுத்த வேண்டியதும் கிடையாது.

இந்த யோசனைக்கு ஆதாரமான அளவுகளை முதலில் எடுத்துச் சொன்னவர்களில் நம் நாட்டுக்காரர்களும் உண்டு. 1984-இல் சவுத்ரி, மிஸ்ரா, ஸ்வரூப், தாமஸ் என்ற நால்வர் நல்ல மார்பகத் திசு, புற்றுத் திசு இரண்டையும் 3 மெகாஹெர்ட்ஸிலிருந்து 3 கிகாஹெர்ட்ஸ் வரை அளந்து, நம் நாட்டு ஆய்விதழ் ஒன்றிலேயே வெளியிட்டார்கள். உலகம் முழுக்க இந்தத் துறைக் கட்டுரைகளில் அவர்கள் பெயர் அடிக்குறிப்பில் வந்துகொண்டே இருக்கிறது. நம் பாடப்புத்தகத்தில்தான் வரவில்லை.

1998-இல் அமெரிக்காவில் சூசன் ஹாக்னெஸ் என்ற பெண்மணியும் அவரோடு சேர்ந்தவர்களும் ராடார் மாதிரி சிறு துடிப்பை அனுப்பி எதிரொலியைக் கேட்டுக் கட்டியைக் கண்டுபிடிக்கலாம் என்று கணினிக் கணக்கில் காட்டினார்கள். கிணற்றுக்குள் குரல் கொடுத்து ஆழம் பார்க்கிற முறை. 2000-இல் டார்ட்மத்தில் பால் மீனி குழுவினர் இன்னொரு வழியில் போனார்கள். 16 ஆண்டெனாக்களை வட்டமாக வைத்து, ஒன்று பேச மற்றவை கேட்க, ஐந்து பெண்களைப் படம் எடுத்தார்கள். இந்தத் துறையில் உயிருள்ள மனிதரிடம் செய்த தொடக்க முயற்சிகளில் அது ஒன்று.

ஆனால் என்னை இழுத்தது அமெரிக்கா இல்லை. மலைக்கு அந்தப்புறம் இருக்கிற கொச்சி. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கே.டி. மேத்யூ, ஜி. பிந்து முதலியோர் 2006-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அறுவை சிகிச்சையில் எடுத்த திசு, அதே பெண்ணின் நல்ல பகுதி ஒன்று, புற்றுப் பகுதி ஒன்று. எடுத்த அரைமணி நேரத்துக்குள் அளந்துவிட வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் வற்றி அளவு மாறிவிடும். அந்த அரைமணி நேரத்தை நினைத்துப் பார்க்கிறேன். ஆபரேஷன் தியேட்டருக்கும் ஆய்வகத்துக்கும் நடுவே ஒருவர் ஐஸ் உருகுவதற்குள் ஓடுகிற மாதிரி ஓடியிருக்க வேண்டும்!

அதில் இன்னொரு சங்கதி எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆண்டெனாவுக்கும் உடம்புக்கும் நடுவே காற்று இருந்தால் அலையில் பெரும்பங்கு தோலில் பட்டே திரும்பிவிடும். உள்ளே போவது கொஞ்சம், கட்டியிலிருந்து திரும்புவது அதிலும் கொஞ்சம். மேளச் சத்தத்துக்கு நடுவே கொசு ரீங்காரத்தைக் கேட்கிற பாடுதான். அதனால் நடுவே ஏதாவது ஒரு திரவம் வேண்டும், அதன் மின்காப்பு மாறிலி நல்ல திசுவோடு ஒத்துப்போக வேண்டும். கொச்சிக்காரர்கள் தேர்ந்தெடுத்தது மக்காச்சோளப் பாகு. கடையில் கிடைக்கிற பாகு! அதில் திசுவை அமிழ்த்தி, 'போ டை' வடிவ ஆண்டெனாவால் 3000 மெகாஹெர்ட்ஸ் அலையை அனுப்பி, சிதறலிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் படம் எடுத்தார்கள். புற்றுப் பகுதி அந்தப் படத்தில் வேறுபட்டுத் தெரிந்தது.

அந்தக் கட்டுரையைப் படித்தபோது நான் ஆண்டெனா ஆய்வகம் ஒன்றில் வேலையில் இருந்தேன். எனக்குக் கிடைத்த வேலை பொம்மை செய்வது. சிரிக்க வேண்டாம். புதுக் கருவியை எடுத்த எடுப்பில் மனிதரிடம் சோதிக்க முடியாது. அதனால் மார்பகத்தைப் போல அலையை நடத்தும் பொம்மை ஒன்று வேண்டும். பல ஆய்வகங்களில் இதற்குக் கொழுப்புக்குப் பதில் சோயா எண்ணெய், வாசலின் போன்றவற்றையும், கட்டிக்குப் பதில் கோதுமை மாவைத் தண்ணீரில் பிசைந்தும் வைக்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். ஊருக்குப் போகும்போது அத்தை கேட்பாள், "என்ன ஏட்டி, இம்புட்டுப் படிச்சிட்டுப் புரோட்டா மாவா பெசையுத?"

அந்த அத்தையைப் பற்றித்தான் இனிமேல் சொல்லப் போகிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். "சொல்லு, சொன்னா நாலு பேருக்கு ஆவும்" என்று சொல்லிவிட்டாள்.

2015 பங்குனியில் ஊரில் ஒரு பள்ளி ஆண்டு விழா. என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். ஊர்ப்பெண் பெரிய படிப்புப் படித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று மாலை எல்லாம் போட்டார்கள். மேடை கிடைத்தது, மைக் கிடைத்தது, முன்வரிசையில் அத்தை பட்டுச்சேலை கட்டி உட்கார்ந்திருந்தாள். நான் பொம்மையைக் கையில் எடுத்துக் காட்டி, "மாமோகிராமில் எக்ஸ்ரே படும், மார்பைப் போட்டு அழுத்துவாங்க, வலிக்கும். எங்க முறையில் வலி கிடையாது, கதிர் கிடையாது, அழுத்தமும் கிடையாது. கூடிய சீக்கிரம் நம்ம ஊருக்கே வந்துடும்" என்று பேசினேன். நல்ல கைத்தட்டல்.

பேசியதில் பொய் என்று எதைச் சொல்வது? வலி கிடையாது, உண்மை. கதிர் கிடையாது, உண்மை. "கூடிய சீக்கிரம்" என்ற ஒரு வார்த்தை இருக்கிறதே, அதுதான்.

2016 பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். அடுக்களையில் வைத்து அத்தை கையைப் பிடித்து உள் அறைக்குக் கூட்டிப்போனாள். ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில் போய்விட்டு வந்து குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டதாம். அப்போது நிலக்கடலைப் பருப்பு அளவு. இப்போது நான் தொட்டபோது புளியங்குடிச் சந்தை எலுமிச்சம்பழம். அக்குளில் நெறியும் கட்டியிருந்தது. எனக்குக் கையெல்லாம் நடுங்கியது. "ஆறு மாசமா ஏன் அத்தை ஒரு வார்த்தை சொல்லலை?" என்று கத்திவிட்டேன்.

அவள் சாதாரணமாகச் சொன்னாள்: "வலிக்கலையே. வலிச்சாத்தான ஆஸ்பத்திரிக்குப் போவணும்? அதோட நீதானட்டி சொன்ன, அமுக்காத மிஷினு ஒண்ணு வருதுன்னு. அது வரட்டும், உன்கிட்டயே காமிச்சுக்கிடலாம்னு இருந்தேன்."

தொடக்கத்தில் வலிக்காமல் இருப்பதுதான் இந்தக் கட்டிகளில் பலவற்றுக்கும் இயல்பு. அதை நான் அந்த மேடையில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பொம்மையைப் பற்றி இருபது நிமிஷம் சொன்னேன்.

திருவனந்தபுரம் கூட்டிப்போனோம். மாமோகிராம், ஊசி போட்டு எடுத்த சதைப் பரிசோதனை, அறுவை, கீமோ, கதிர் சிகிச்சை எல்லாம் ஆயிற்று. அந்த வருஷத்தைப் பற்றி விரிவாகப் பேச எனக்கு இஷ்டமில்லை. செங்கோட்டை வழிப் பஸ்ஸில் பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களில் நம் பக்கத்து முகங்கள் எத்தனை என்று மட்டும் சொல்லிவிடலாம், ஏகப்பட்டது.

அன்றைக்கு மேடையில் நான் விட்டுவிட்டதை இன்றைக்கு இங்கே சொல்லிவிடுகிறேன். எட்டு வருஷம் முன்னாடியே, 2007-இல், விஸ்கான்சின், கால்கரி பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் நிறையத் திசுக்களை அளந்து ஒரு முடிவு வெளியிட்டிருந்தார்கள். கொழுப்பையும் கட்டியையும் ஒப்பிட்டால் வித்தியாசம் பத்து மடங்கு வரை உண்டு, சரிதான். ஆனால் மார்பகத்தில் கொழுப்பு மட்டுமா இருக்கிறது? பால் சுரப்பிகளும் நார்த்திசுவும் சேர்ந்த பகுதி இருக்கிறது. அதற்கும் கட்டிக்கும் உள்ள வித்தியாசம் வெறும் 10 சதவீத அளவுதான். புற்று பெரும்பாலும் கிளம்புவதே அந்தச் சுரப்பிப் பகுதியில்! இந்த முறைமேல் வைத்திருந்த நம்பிக்கையின் அஸ்திவாரத்தையே ஆட்டிப்பார்த்த முடிவு அது. எனக்கு அது தெரியும். ஆண்டு விழாவில் யாராவது அதைச் சொல்வார்களா என்று விட்டுவிட்டேன்.

அலைநீளமும் ஒரு தொல்லை. 3 கிகாஹெர்ட்ஸ் அலைக்குக் காற்றில் அலைநீளம் 10 சென்டிமீட்டர். திசுவின் மாறிலி 9 என்று வைத்தால் வர்க்கமூலம் 3, ஆகவே உள்ளே மூன்றே சொச்சம் சென்டிமீட்டர். இந்த அலையால் மிளகு அளவுக் கட்டியைப் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். மாமோகிராமில் உப்புத் தூவினாற்போலத் தெரியும் சுண்ணாம்புப் புள்ளிகள், தொடக்கநிலைப் புற்றுக்கு அவை ஓர் அறிகுறி, இந்த அலைக்குத் தெரியவே தெரியாது. அதிர்வெண்ணை ஏற்றினால் நுணுக்கம் கூடும், ஆனால் அலை ஆழத்துக்குப் போகாமலே சோர்ந்துவிடும். இங்கே பிடித்தால் அங்கே நழுவுகிறது.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார், மண்ணுக்குள் புதைத்த கண்ணிவெடியைத் தேடும் ராடார் நுட்பத்தை மார்பகத்துக்குத் திருப்பி 'மரியா' என்ற கருவியைச் செய்தார்கள். போருக்கு வந்த வித்தை ஆஸ்பத்திரிக்கு வந்தது நல்ல விஷயம். 2016-இல் வெளியான முடிவில், 86 பேரில் 64 பேருடைய கட்டியை அது காட்டிக்கொடுத்தது. அடர்த்தியான மார்பகங்களிலும் அந்தத் திறன் குறையவில்லை. ஆராய்ச்சி என்று பார்த்தால் பாராட்ட வேண்டிய கணக்கு. ஆனால் மீதி 22 பேரில் ஒருத்தி என் அத்தை என்றால்? இத்தாலியின் மாம்மோவேவ், அயர்லாந்தில் சோதித்த வேவீலியா, ஜப்பானில் கோபே பல்கலைக்கழகத்தின் கருவி என்று முயற்சிகள் தொடர்கின்றன. எதுவும் இன்றுவரை மாமோகிராமின் இடத்தைப் பிடிக்கவில்லை. பக்கத்தில் நின்று உதவி செய்கிற காலம் வரலாம் என்பது என் அபிப்பிராயம்.

அப்படியானால் இந்த ஆராய்ச்சி எதற்கு என்று ஒரு மாணவி கேட்கலாம். கேட்க வேண்டும். காரணம் இருக்கிறது. மேலை நாட்டுப் பெண்களைவிட நம் பெண்களுக்கு இந்த நோய் ஏறத்தாழப் பத்து வயது முன்னாலேயே வருகிறது. இளவயதில் மார்பகம் அடர்த்தியாக இருக்கும். எக்ஸ்ரே படத்தில் அடர்ந்த திசுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. பனிமூட்டத்தில் வெள்ளைப் பசுவைத் தேடுகிற கதை. நம் பெண்களுக்கு ஏற்ற வேறு ஒரு கண் வேண்டும் என்பது நிஜம். உலகப் புற்றுநோய்க் கணக்கின்படி 2022-இல் மட்டும் நம் நாட்டில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்குப் புதிதாக வந்தது. 98,000-க்கு மேல் இறந்தார்கள். பாதிக்கும் மேல்! நோயைவிடத் தாமதம் கொன்றது அதிகம் என்றே எனக்குப் படுகிறது.

ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். உடம்பின் வெப்பத்தைக் கேமராவில் பார்க்கும் முறை ஒன்றும் நம் நாட்டில் பேசப்படுகிறது. அது வேறு, இது வேறு. அந்த வெப்பப் படம் மாமோகிராமுக்கு மாற்று இல்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019-இல் எச்சரிக்கையே விட்டது. புதுக் கருவி என்றதும் பழையதை விட்டுவிடுவது நம்மிடம் மட்டும் உள்ள பழக்கம் இல்லை போலிருக்கிறது.

தாமதத்துக்கு மருந்து எது? மும்பையில் டாடா நினைவு மருத்துவமனைக்காரர்கள் 1998-இல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். 35-லிருந்து 64 வயது வரை, 1,51,538 பெண்கள். அவர்களில் ஒரு பாதிப் பேருக்கு, பயிற்சி கொடுத்த சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கையால் மார்பகத்தைப் பரிசோதித்தார்கள். மிஷின் கிடையாது, கரண்ட் வேண்டாம், சோளப்பாகு வேண்டாம். வெறும் விரல். இருபது வருஷம் பின்தொடர்ந்து 2021-இல் முடிவு வெளியிட்டார்கள். பரிசோதித்த பெண்களிடம் நோய் முன்கூட்டிய கட்டத்திலேயே பிடிபட்டது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் இந்த நோயால் வரும் சாவு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. 50-க்குக் கீழே அந்தப் பலன் தெரியவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்கள். நானும் மறைக்கவில்லை. ஒருதடவை மறைத்தது போதும். அந்த 50-க்குக் கீழேதான் நம் துறைக்கு வேலை மிச்சம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

என் அத்தைக்கு அப்போது வயது 57. ராயகிரித் தெருவுக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது நான் கொண்டுபோன பொம்மை இல்லை. ஒரு நர்ஸின் விரலும், "கட்டி தட்டுப்பட்டா அந்த வாரமே காமிச்சிடுங்க" என்ற ஒரே ஒரு வாக்கியமும்தான். முப்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்தக் கைப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று 2016-லேயே மத்திய அரசு வழிமுறை வந்துவிட்டது. சும்மா கிடைப்பதால் யாரும் கேட்பதில்லை. இந்த மண்டபத்தில் எத்தனை பேர் வீட்டில் அம்மாவிடம் கேட்டிருக்கிறோம்? கை தூக்கச் சொல்லமாட்டேன், பயப்படாதீர்கள். ஆண்பிள்ளைகள் தரையைப் பார்க்கிறீர்கள், தெரிகிறது. அம்மாவிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால் அக்காவை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். அத்தை வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒரு கை கொஞ்சம் வீங்கித்தான் இருக்கிறது, அறுவைக்குப் பிறகு வந்தது, குடம் தூக்க முடியாது. கல்லூரியில் பேசப் போகிறேன் என்றேன்.

"அந்த மாவு மிஷினைப் பத்தியா? வந்துட்டா அது?"

"இன்னும் வரலை அத்தை."

"சரி, வரும்போது வரட்டும். நான் புதன்கிழமை நம்ம தெருவுல நாலு பொம்பளைகளைக் கூட்டிட்டு நர்ஸம்மாகிட்டப் போறேன். மேலத்தெருக்காரி மட்டும் வரமாட்டேங்கா, அவ வீட்டுக்கு நீ ஒரு எட்டுப் போய்ச் சொல்லிட்டு வா."

போய்ச் சொன்னேன். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இயற்பியல் ஆய்வகத்தில் அந்தப் பொம்மையையும் ஒரு ஜோடி ஆண்டெனாவையும் வைத்திருப்பேன். உள்ளே மாவுருண்டை எங்கே இருக்கிறது என்று அலையை வைத்துக் கண்டுபிடிக்க விரும்பும் மாணவ மாணவியர் வரலாம். எதெல்லாம் இன்னும் சரிவரவில்லை என்பதையும் அங்கேயே காட்டுகிறேன்.